இனி 'வேண்டாம்' என்று சொல்லப்போவது யார்?

கேள்வி: நான் ஒரு பாடகர் தொடங்கிய ஆடை நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் அவர் எதிர்பாராமல் காலமாகிவிட்டார். செய்தி வந்த இரண்டே நாளில் ஸ்டாக் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. இப்போது நிறுவனத்தை அவருடைய அண்ணனும் பழைய முதலீட்டாளர் ஒருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். முதலாண்டு நினைவு கலெக்‌ஷன் என்று அவர் முகம் அச்சிட்ட டி-சர்ட், பெர்ஃப்யூம், குழந்தைகள் உடை எல்லாம் பேச்சில் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் 'அவர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்' என்கிறார்கள். ஆனால் உயிரோடு இருந்தவரை தன் முகத்தைத் துணியில் போட அவர் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை. இது இன்னும் அவருடைய பிராண்டுதானா? இப்படிப்பட்ட நிறுவனங்கள் பிழைக்குமா? நான் இருக்கலாமா, கிளம்பிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உடன் வேலை பார்த்தவரை இழந்த துக்கம் ஒரு பக்கம், அந்தத் துக்கத்தையே சரக்காக்கி விற்க வேண்டிய வேலை இன்னொரு பக்கம். சங்கடமான நிலைமைதான். ஆறுதல் சொல்ல நான் சரியான ஆள் இல்லை. பிராண்டுப் பெயரைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் லைசென்ஸ் ஒப்பந்தங்களையும் சாம்பிள் ஒப்புதல்களையும் பார்ப்பது என் தொழில். அங்கே நின்றே பதில் சொல்கிறேன்.

நிறுவனர் போய்விட்டால் பிராண்டின் ஆன்மா போய்விட்டதா என்றுதான் எல்லோரும் விவாதிப்பார்கள். அதற்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பதிலையும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் மறுக்க முடியாது. நான் கேட்பது வேறு. இனிமேல் அங்கே 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

பிரபலங்கள் தொடங்கும் ஆடை நிறுவனத்தில் அந்தப் பிரபலம் நிஜமாக என்ன வேலை செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் பேட்டர்ன் வெட்டுவதில்லை, ஸ்கெட்ச் போடுவதுகூட அபூர்வம். அதெல்லாம் உங்களைப் போன்றவர்கள் செய்வது. மேஜையில் பரப்பி வைத்த சாம்பிள்களில் முக்கால்வாசியை ஒதுக்குவதுதான் அவருடைய வேலை. கழுத்து ரிப் அகலமாக இருக்கிறது, லோகோ இவ்வளவு பெரிதாக வேண்டாம், இந்தக் கலரை நானே போட மாட்டேன், பிறகு யார் போடுவார்கள்? சாம்பிளில் தொங்கும் அட்டையில் இப்படி நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. அலுவலக அறையிலும் அதேதான். தொப்பிக்கு ஒருவர், பானத்துக்கு ஒருவர், பெர்ஃப்யூமுக்கு ஒருவர் என்று பெயர் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் முடியாது என்பதே பதில். வெளியே யாருக்கும் தெரியாத இந்த மறுப்புகள்தான் பிராண்டுக்கு வேலி.

அவர் போன மறுநாளும் சாம்பிள் வரும், அட்டையும் தொங்கும், கையெழுத்துக் கட்டமும் இருக்கும். யாராவது போட்டாக வேண்டும். அப்போதுதான் அவர் காலத்தில் திருப்பி அனுப்பிய யோசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பிக்கும். பெர்ஃப்யூம் யோசனை புதிதாக முளைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள், அவரே ஒருமுறை ஒதுக்கியதாக இருக்கலாம்.

இந்த உறுத்தல் உங்களுக்கு எட்டாவது மாதத்தில் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஒரு சீசன் கடைக்கு வருவதற்கு ஒன்பது மாதம், ஓராண்டு முன்பே அதன் வேலை தொடங்கிவிடுகிறது. அதனால் நிறுவனர் மறைந்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு கலெக்‌ஷன்கள் அவர் கண்ணால் பார்த்தவையாகவே இருக்கும். பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீன் 2010 பிப்ரவரியில் இறந்தார். அவர் வேலையைப் பாதியில் விட்டுப்போன 16 உடைகளை அவருடைய குழுவினர் முடித்து, அடுத்த மாதமே பாரிஸில் காட்டினார்கள். ராப் பாடகர் நிப்ஸி ஹஸில் 2019 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தன் 'மராத்தான் குளோத்திங்' கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பூமாவோடு சேர்ந்து செய்திருந்த கலெக்‌ஷன் செப்டம்பரில்தான் வெளிவந்தது. உங்கள் நிறுவனத்திலும் அவர் பார்த்த கடைசிச் சாம்பிள்கள் இப்போது தீர்ந்துகொண்டிருக்கும். நினைவு கலெக்‌ஷன்தான் அவர் கண்படாத முதல் சரக்கு.

இங்கே இடையில் ஒரு எச்சரிக்கை. இரண்டு நாளில் ஸ்டாக் தீர்ந்தது என்றீர்களே, அந்த எண்ணிக்கையை அடிப்படையாக வைத்து அடுத்த ஆண்டுக்கு ஆர்டர் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் வாங்கியவர் ஞாபகத்துக்காக ஒன்று வாங்குகிறார், மறுபடி வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லை. போதாக்குறைக்கு, கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று மொத்தமாக அள்ளியவர்களும் அந்தக் கணக்கில் கலந்திருப்பார்கள். விற்பனைப் பிரிவு இதை 'டிமாண்ட்' என்று ஸ்லைடு போட்டுக் காட்டும். மறைவுக்கு முந்தைய ஆண்டின் சாதாரண மாதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். குடோனில் தேங்கும் சரக்கைப் பிறகு தள்ளுபடியில்தான் தள்ள வேண்டியிருக்கும். இறந்தவர் பெயரைத் தள்ளுபடியில் போட்ட பிராண்டு பழைய விலைக்குத் திரும்புவது ரொம்பக் கஷ்டம்.

துணியில் தெரியும் மாற்றங்களை நீங்கள் என்னைவிட முன்னதாகவே பிடித்துவிடுவீர்கள். பல பிரபல நிறுவனங்களில் ஃபிட் பார்ப்பதே நிறுவனரின் உடம்பில்தான். தோள் எவ்வளவு இறங்க வேண்டும், கை எங்கே நிற்க வேண்டும், நீளம் இடுப்புக்குக் கீழே எவ்வளவு என்பதெல்லாம் அவர் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து முடிவானவை. அந்த அடிப்படை சைஸிலிருந்துதான் மற்ற சைஸ்களைக் கூட்டிக் குறைத்து எடுக்கிறார்கள். அவர் இல்லாதபோது ஏஜென்சியிலிருந்து ஒரு ஃபிட் மாடல் வருவார். உயரம் ஒன்றாக இருந்தாலும் தோள் ஒன்றாக இருக்காது. தோளில் அரை அங்குலம், கழுத்தில் கால் அங்குலம் என்று திருத்திக்கொண்டே போனால் மூன்று சீசன் கழித்து அது வேறு சட்டை. 'என்னமோ முன்ன மாதிரி இல்லை' என்று வாடிக்கையாளர் சொல்வது பலசமயம் இதைத்தான். அப்புறம் துணியின் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பது, 240லிருந்து 200, அதிலிருந்து 180 என்று இறங்கும். நெய்த லேபிள் போய்க் கழுத்தில் சூட்டில் ஒட்டும் ஹீட் டிரான்ஸ்ஃபர் அச்சு வரும், எம்பிராய்டரி பிரின்டாகும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்வார்கள். அத்தனையும் ஒரே பக்கமாகவே நகர்கிறது என்றால், மறுக்க ஆளில்லை என்று அர்த்தம்.

சரி, பிழைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிழைத்ததற்கு உதாரணமாக உங்கள் முதலீட்டாளர் டியோர், சேனல், மெக்வீன் என்று பட்டியல் போடுவார். அந்தக் கதைகள் உங்களுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். அவர்கள் துணியோடு வேலை செய்தவர்கள், பக்கத்தில் ஆட்களைப் பழக்கி வைத்திருந்தவர்கள். கிறிஸ்தியன் டியோர் 1957 அக்டோபரில் இறந்தபோது பொறுப்பேற்ற ஈவ் சான் லொரானுக்கு வயது 21தான், ஆனாலும் அவர் அந்த நிறுவனத்துக்குள்ளேயே வேலை கற்றவர். மெக்வீனுக்குப் பின் வந்த சாரா பர்ட்டன் மாணவியாக இருந்தபோதே அவரிடம் சேர்ந்தவர். மெக்வீன் எதை ஒதுக்குவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2011ல் கேட் மிடில்டனின் திருமண உடையை வடிவமைத்தது அவர்தான். 2023 வரை பதவியில் இருந்தார். சேனல் கதை இன்னும் விசேஷம். கோகோ சேனல் 1971ல் இறந்தார், அடுத்த பெரிய வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் வந்தது 1983ல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க முடிந்ததற்குக் காரணம், நிறுவனம் வெர்தைமர் குடும்பத்தின் கையில் இருந்தது, வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டும் இருந்தது. உங்கள் பாடகருக்கு இந்த வசதிகள் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நெருக்கமான உதாரணம் விளையாட்டு வீரர்களிடம்தான் இருக்கிறது. லகோஸ்ட் என்றால் இன்று முதலைச் சின்னம் ஞாபகம் வருகிறது. ரெனே லகோஸ்ட் டென்னிஸ் சாம்பியன் என்பது சட்டை வாங்குகிற பலருக்கும் தெரியாது. 1933ல் பின்னலாடை உற்பத்தியாளர் ஆந்த்ரே ஜில்லியேவோடு சேர்ந்து தொடங்கினார். 1963லேயே பொறுப்பை மகன் பெர்னாரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார், இறந்தது 1996ல். முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் இல்லாமல் நடக்கப் பழகிக்கொண்ட நிறுவனம் அது. குடும்பச் சண்டைக்குப் பிறகு 2012ல் சுவிட்சர்லாந்தின் மௌஸ் ஃப்ரேர் நிறுவனத்துக்குக் கைமாறியபோதும் முதலையோ, சட்டையின் பீக்கே என்ற பின்னல் துணியோ மாறவில்லை.

இன்னொரு டென்னிஸ் வீரர் ஃப்ரெட் பெர்ரி எனக்கு இன்னும் பிடித்த கதை. 1934, 35, 36 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து விம்பிள்டன் வென்றவர். அவருடைய சட்டை 1952ல் அதே விம்பிள்டனில் அறிமுகமானது. அவர் 1995ல் காலமானார், அதே ஆண்டு நிறுவனத்தை ஜப்பானின் ஹிட் யூனியன் வாங்கியது. நிறுவனரும் இல்லை, குடும்பமும் இல்லை, வேற்று நாட்டு முதலாளி. எல்லாம் முடிந்தது என்றுதானே தோன்றும்? பல ஆண்டுகள் கழித்து, கறுப்புச் சட்டையில் மஞ்சள் இரட்டைக் கோடு போட்ட அவர்களுடைய டிசைனை அமெரிக்காவில் 'ப்ரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரிக் கும்பல் சீருடையாக்கிக்கொண்டது. நன்றாக விற்கிற சட்டை அது. 2019ல் அமெரிக்காவில் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். உழைக்கும் வர்க்கத்து சோஷலிச எம்.பி.யின் மகன் பெர்ரி, மேல்தட்டுக்காரர்களின் விளையாட்டாக இருந்த டென்னிஸில் சாம்பியன் ஆனவர் என்பதைக் காரணமாக எடுத்துச் சொன்னார்கள். அவர் இறந்து கால் நூற்றாண்டு ஆகிறது, உள்ளே ஒருவர் 'வேண்டாம்' சொல்கிறார், அதுவும் லாபத்தை விட்டுக்கொடுத்து. இது இன்னும் அவருடைய பிராண்டுதானா என்று கேட்டீர்களே, பெர்ரி விஷயத்தில் ஆம் என்பேன்.

இந்த இரண்டு பெயர்களும் நிலைத்ததற்கு முகம் காரணமில்லை. லகோஸ்ட்டின் முதலை, பெர்ரியின் இலை வளையச் சின்னம், காலர், துணியின் நெசவு என்று கையில் பிடிக்கக்கூடிய ஒன்று இருந்தது. உங்கள் பாடகர் தன் முகத்தைத் துணியில் போட மறுத்ததும் இதை உணர்ந்துதானோ என்னவோ. முகத்தை நம்பிய பிராண்டில் அந்த முகம் புதிய படத்தில், புதிய பாட்டில், மேடையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் சட்டை நினைவுப்பொருளாகிவிடும். நினைவுப்பொருள் விற்பதும் கௌரவமான தொழில்தான், ஆனால் அதற்கு வடிவமைப்பாளர் தேவையில்லை, அச்சகம் போதும்.

அடுத்தது சொத்து விவகாரம். இதில் பலரும் குழம்புவார்கள். பெயர் யாருடையது, சரக்கு செய்பவர் யார், முகத்தின் உரிமை யாருடையது என்பவை மூன்று தனித்தனிக் காகிதங்கள்.

பெயரை மனிதர் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடலாம். கைப்பை வடிவமைப்பாளர் கேட் ஸ்பேட் தன் பெயரில் தொடங்கிய நிறுவனத்தில் மிச்சமிருந்த பங்கையும் 2006ல் விற்றார். பிறகு 2016ல் புதிதாகத் தொடங்கிய நிறுவனத்துக்கு 'ஃபிரான்செஸ் வாலன்டைன்' என்று பெயர் வைத்தார், தன் பெயரிலும் வாலன்டைன் என்று சேர்த்துக்கொண்டார். 2018ல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க 'கேட் ஸ்பேட்' கடைகளில் அஞ்சலி செலுத்தினார்கள். அந்தக் கடைகளுக்கும் அவருக்கும் சட்டப்படி தொடர்பு விட்டுப்போய்ப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர் பெரி எல்லிஸ் 1986ல் இறந்தார். அவர் பெயரிலான டிசைனர் கலெக்‌ஷன் 1993ல் மூடப்பட்டது, லைசென்ஸ் சட்டைகளில் பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1999ல் அந்தப் பெயரை வாங்கிய மயாமி நிறுவனம் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டு 'பெரி எல்லிஸ் இன்டர்நேஷனல்' ஆனது.

பெயர் ஒருவரிடமும் தயாரிப்பு இன்னொருவரிடமும் இருப்பதற்கு அமெரிக்க வடிவமைப்பாளர் விர்ஜில் அப்லோவின் 'ஆஃப்-வைட்' நல்ல பாடம். 2021 ஜூலையில் அதன் வணிகச் சின்னத்தை வைத்திருந்த நிறுவனத்தில் 60 சதவீதத்தை பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச் வாங்கியது. சரக்கு செய்து விற்றது லைசென்ஸ் பெற்றிருந்த இன்னொரு குழுமம். நவம்பரில் அப்லோ 41 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு இப் கமாரா கலைப் பொறுப்புக்கு வந்தார். 2024 செப்டம்பரில் எல்விஎம்எச் பிராண்டையே புளூஸ்டார் அலையன்ஸிடம் விற்றுவிட்டது. பிராண்டுப் பெயர்களை வாங்கி லைசென்ஸ் விட்டுச் சம்பாதிப்பது அவர்கள் தொழில். மூன்றே ஆண்டில் இவ்வளவும். அதனால் உங்கள் முதலீட்டாளரிடம் இருப்பது நிறுவனத்தின் பங்கா, வணிகச் சின்னமா என்று நாசூக்காக விசாரியுங்கள். சின்னம் அவரிடம் இருந்தால், அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கடைசி வார்த்தை அவருடையது இல்லை.

முகத்தின் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு உண்டு. நியூயார்க்கில் 2021லிருந்து நடைமுறைக்கு வந்த சட்டப்படி 40 ஆண்டு. பிரிட்டனில் அப்படித் தனியாக ஓர் உரிமையே இல்லை. இந்தியாவில் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில், ஆளுமை உரிமை அவரோடே முடிந்துவிட்டது, வாரிசுக்குப் போகாது என்று 2023ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நினைவு டி-சர்ட்டை எந்த நாட்டில் விற்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து அனுமதிக் கடிதம் மாறும். பெயர் மட்டும் அப்படியில்லை. வணிகச் சின்னத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, பயன்படுத்திக்கொண்டும் இருந்தால் காலவரையே கிடையாது. நிப்ஸி இறந்து இரண்டு மாதத்துக்குள் 'தி மராத்தான் கன்டினியூஸ்' என்ற அவருடைய சொற்றொடரைப் பதிய வெளியார் ஒரு கூட்டம் விண்ணப்பித்தது, குடும்பம் சண்டைக்கு நிற்க வேண்டியதாயிற்று. உங்கள் சட்டப் பிரிவு இதையெல்லாம் பார்த்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்தையும் பாருங்கள். வாரிசுகள் அவசரப்படுவதற்குப் பேராசை மட்டுமே காரணமில்லை. அமெரிக்காவில் பெரிய சொத்தாக இருந்தால் ஒன்பது மாதத்துக்குள் வாரிசு வரி கட்டியாக வேண்டும், பெயருக்கும் முகத்துக்கும்கூட மதிப்புப் போடுவார்கள். மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது அவருடைய பெயர், உருவத்தின் மதிப்பு வெறும் 2,105 டாலர் என்றது வாரிசுத் தரப்பு. வரித்துறை முதலில் 43.4 கோடி டாலர் என்றது. 2021ல் நீதிமன்றம் 41.5 லட்சம் டாலரில் முடித்தது. இந்த மாதிரிச் சுமை ஒரு பக்கம், சம்பளம் எதிர்பார்க்கும் உங்களைப் போன்றவர்கள் இன்னொரு பக்கம் என்றிருக்கும்போது, முன்பணம் கொடுத்துப் பெர்ஃப்யூம் லைசென்ஸ் கேட்பவரை வாசலில் நிற்க வைப்பது எளிதில்லை. இத்தாலிய ஆடை நிறுவனமான வெர்சாச்சியில் இதைவிட விசித்திரம். ஜானி வெர்சாச்சி 1997 ஜூலையில் கொல்லப்பட்டபோது நிறுவனத்தின் பாதியை உயிலில் தங்கை டொனடெல்லாவின் மகள் அலெக்ராவுக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு வயது 11. டொனடெல்லா மூன்றே மாதத்தில் கலெக்‌ஷனோடு மேடை ஏறினார். குடும்பம் இருபது ஆண்டுக்கு மேல் தாங்கிப் பிடித்து, 2018ல் 200 கோடி டாலருக்கு மேல் விலைக்கு விற்றது.

உறுதியாக மறுக்கத் தெரிந்த குடும்பங்களும் உண்டு. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த பின், 2021 ஏப்ரலில் முடிந்த நைக்கி ஒப்பந்தத்தை அவர் மனைவி வனெஸா உடனே புதுப்பிக்கவில்லை. கோபியோடு சேர்ந்து இறந்த மகள் நினைவாகத் தான் வடிவமைத்த காலணியை விற்கத் தான் அனுமதிக்கவேயில்லை, அது எப்படி வெளியே வந்தது என்று பகிரங்கமாகவே கேட்டார். 2022 மார்ச்சில்தான் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கப் பாடகி செலினா வேறு விதம். 1994ல் டெக்சஸில் 'செலினா எட்செட்ரா' என்று இரண்டு கடைகள் திறந்தார், அடுத்த மார்ச்சில் 23 வயதில் கொல்லப்பட்டார். பெயர், உருவ உரிமையெல்லாம் குடும்ப ஒப்பந்தப்படி தந்தை கைக்குப் போனது. கடைகள் பின்னாளில் மூடப்பட்டன, ஆனால் பெயர் அழியவில்லை. 2016ல் அவர் பெயரில் மேக் நிறுவனம் ஒப்பனைப் பொருட்கள் கொண்டுவந்தது, அதுவும் ரசிகர்கள் மனுப் போட்டுக் கேட்டபிறகு. இருபது ஆண்டு கழித்தும் கேட்க ஆளிருந்தது என்றால், நடுவில் கண்டதிலும் அந்தப் பெயரை ஒட்டாமல் இருந்ததும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அந்த 'அவர் இருந்திருந்தால்' வசனம். கூட்டத்தில் அதைச் சொல்பவரை எதிர்த்துப் பேச முடியாது. மறுத்தால் இறந்தவரை மறுப்பதுபோல் ஆகிவிடும். அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. எழுத்தில் இல்லாத வரைக்கும் அது சொல்பவருடைய விருப்பம் மட்டுமே. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி இதற்கு இடமே வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் 91 வயதில் இறந்தார். உயிலில், முதலில் 15 சதவீதத்தைப் பதினெட்டு மாதத்துக்குள் விற்க வேண்டும், எல்விஎம்எச், லொரேயால், எஸிலோர்லக்சோட்டிகா போன்றோருக்கு முன்னுரிமை, அறக்கட்டளையிடம் எப்போதும் 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். அந்த அறக்கட்டளையை 2016லேயே தொடங்கிவிட்டார். உங்கள் பாடகருக்கு அந்த வயதும் இல்லை, அவகாசமும் இல்லை.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதுவும் உங்கள் பிரிவிலேயே. அவர் ஒதுக்கிய சாம்பிள்களும் அந்த அட்டைகளும். ஒப்புக்கொண்டவற்றை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள், ஒதுக்கியவை மூட்டையாகக் கட்டி எங்கோ மூலையில் கிடக்கும். அடுத்த வாரமே அவற்றை எடுங்கள். தேதி, ஸ்டைல் நம்பர், அவர் எழுதிய காரணம், முடிந்தால் படம் என்று ஒரு கோப்பு போடுங்கள். முகம் அச்சிட்ட சாம்பிளை அவர் திருப்பியனுப்பிய அட்டை ஒன்று கிடைத்தால் போதும், நினைவு கலெக்‌ஷன் கூட்டத்தில் நீங்கள் வாதாடவே வேண்டாம், அதை மேஜையில் வைத்தால் சரி. தம்பியின் கையெழுத்தைப் பார்க்கும் அண்ணனுக்கு முதலீட்டாளரை மறுக்க ஒரு பிடி கிடைக்கும். பல வாரிசுகளுக்குத் தேவைப்படுவது அந்தப் பிடிதான்.

முகத்துக்குப் பதிலாக என்ன என்று கேட்பார்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். அவர் ஒப்புக்கொண்ட மூன்று நான்கு ஸ்டைல்களை அதே துணியில், அதே அளவில், அதே லேபிளோடு கொஞ்சம் எண்ணிக்கையில் மறுபடி வெளியிடலாம். செலவு குறைவு, தயாரிப்பு விவரமெல்லாம் அடங்கிய டெக் பேக் தயாராக இருக்கிறது, தேங்கவும் வாய்ப்பு குறைவு. குழந்தைகள் உடையை ஓராண்டு தள்ளிப்போடச் சொல்லுங்கள். பெர்ஃப்யூமைத் தடுக்க முடியாவிட்டால், லைசென்ஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பெட்டிக்கும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் தருபவர் இன்னார் என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். ராயல்டி சதவீதத்தைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள், இந்த ஷரத்தைப் பலர் படிப்பதுகூட இல்லை.

இருப்பதா, கிளம்புவதா? இப்போதே ராஜினாமா வேண்டாம். நினைவு கலெக்‌ஷனின் சாம்பிள் அட்டைகள் வரட்டும், கட்டத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள். அண்ணனோ, நீண்ட நாள் கூட இருந்த ஒருவரோ உட்கார்ந்து பார்த்து, நாலில் ஒன்றையாவது திருப்பியனுப்பினால் இருங்கள், அங்கே உங்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. சாரா பர்ட்டன்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். வந்ததெல்லாம் அன்றே ஒப்புதலாகி, கையெழுத்து விற்பனைப் பிரிவிலிருந்து வந்தால், ஒரு சீசனில் கிளம்பிவிடுங்கள். அசல் அட்டைகளை எடுத்துப் போகாதீர்கள், அவை நிறுவனத்தின் சொத்து. உங்கள் போர்ட்ஃபோலியோவில் எந்த ஸ்டைல் எந்த ஆண்டு, அவர் இருந்தபோதா பிறகா என்று மட்டும் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் நேர்முகத் தேர்வு எடுப்பவர் அதைக் கட்டாயம் கேட்பார்.